வெட்டிய மலையும் விட்ட குழியும்

(விளாத்திகுளத்தில் நடைபெற்ற பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அவர்கள் எனக்கு அளித்த தலைப்பு 'கரிசல் நிலமும் குறிஞ்சித் திணையும்' என்பதாகும். கரிசலில் குறிஞ்சி ஏது என்று நான் கேட்டபோது, "அதைத்தான் அம்மா நீங்கள் சொல்ல வேண்டும்" என்று சிரித்தபடியே அழைப்பிதழை அச்சுக்கு அனுப்பிவிட்டார். தேடத் தொடங்கினேன். நம் வட்டாரத்தில் மலை என்று சொல்லத்தக்கவை மிகச் சில. அவற்றுள்ளும் பல இன்று குழிகளாகிவிட்டன. மலையைத் தேடிப் புறப்பட்டவள் கடைசியில் ஒரு கல்வெட்டாங்குழியின் விளிம்பில் வந்து நின்றேன். ஆகவே தலைப்பைச் சற்றே மாற்றிக்கொண்டு, கல் வெட்டும் தொழிலைப் பற்றியும், வெட்டிய இடம் மீண்டும் காடாகவும் பறவைகளின் இருப்பிடமாகவும் மக்கள் நடந்து காணும் இடமாகவும் ஆகக் கூடுமா என்பதைப் பற்றியும் பேச விழைகின்றேன். இலக்கிய வட்டத்தில் குவாரிக்கு என்ன வேலை என்று எண்ணும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும்.

முதலில் நம் மாவட்டத்துக் கழுகுமலைக்கு வாருங்கள். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து பிறக்கக் காரணமான மலை அது என்பது இவ்வவை அறிந்ததே. முருகன் கோயிலுக்குச் செல்பவர்களுள் பலர் மேலே ஏறுவதில்லை. ஏறுபவர்கள் அங்கே வெட்டுவான் கோயிலைக் காண்பார்கள். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி அது. கற்களை அடுக்கிக் கட்டிய கோயிலன்று. மலையின் ஒரு பகுதியை மூன்று புறமும் அகழ்ந்து, நடுவே விட்ட பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். சிகரம் முடிந்துவிட்டது, விமானத்தில் உமையோடு அமர்ந்த சிவனும், மத்தளம் வாசிக்கும் தென்முகக் கடவுளும் முடிந்துவிட்டனர், அடிப்பகுதி முடியவில்லை. தந்தை சிற்பி, மகன் சிற்பி, பொறாமை, கொலை என்று ஊரார் சொல்லும் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அந்தக் கதையைவிட எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. அந்தக் கோயிலைச் சுற்றி நிற்கின்றோமே, அந்த இடம் முழுவதும் ஒரு கல்வெட்டாங்குழி. அங்கிருந்து அகற்றப்பட்ட கல் எங்கே போயிற்று என்று எவரும் கேட்பதில்லை. எதை அகற்றினார்கள் என்பது மறந்து, எதை விட்டுவைத்தார்கள் என்பது மட்டுமே கண்ணில் நிற்கின்றது.

அதே மலையின் மற்றொரு பக்கத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் பெயர்கள். அவற்றுள் குரத்தியர் எனப்படும் பெண் ஆசிரியர்களின் பெயர்களும், அவர்கள்தம் மாணவியரின் பெயர்களும் உண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இம்மாவட்டத்தில் பாடம் சொன்ன பெண்கள்! மகளிர் கல்லூரியில் இருபதாண்டுகளாகப் பாடம் சொல்லும் எனக்கு அந்தப் பாறையின் முன்னால் நிற்கும்போதெல்லாம் ஏதோ பணிமூப்புப் பட்டியலைப் பார்ப்பதுபோல் இருக்கும். அதில் என் பெயர் மிகக் கீழே. அந்தப் பாறையைச் சல்லியாக உடைத்திருந்தால் ஒரு சாலைக்கு எத்தனை நாளைக்குப் போதியிருக்கும் என்று கணக்குப் போடுவது எளிது. அந்தப் பெயர்களை வேறு எங்கே தேடியிருப்போம்?

இனி, நான் விளிம்பில் நின்ற குழிக்கு வருகின்றேன். ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உரிமம் பெற்றிருந்தவர் யார் என்பதும் இங்கே தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி பத்து நாள் வரவில்லை. காரணம் கேட்டனுப்பியபோது, ஏழாம் வகுப்பில் படித்த அவள் தம்பி விடுமுறையில் நண்பர்களோடு பழைய குவாரிக் குழியில் குளிக்கச் சென்றவன் திரும்பவில்லை என்று தெரிந்தது. துக்கம் விசாரிக்கச் சென்ற நான், திரும்பும்போது அந்த இடத்தையும் பார்த்துவிட்டு வந்தேன். செங்குத்தாக இறங்கும் சுவர்கள். கீழே பச்சை நிறத்தில் அசையாத நீர். கால் வைக்க ஒரு படியில்லை. கை பற்ற ஒரு வேரில்லை. அருகே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் இளமையில் அதே குவாரியில் உளி பிடித்தவராம். "ஐயா, இதற்கு வேலியே போடவில்லையா?" என்று கேட்டேன்.

"கல்லு இருந்த மட்டும் வேலி இருந்துச்சு, தாயி. கல்லு தீந்துச்சு, வேலியவும் களட்டிட்டுப் போயிட்டாக" என்றார் அவர்.

அன்று நான் கண்ட மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. அந்தச் சுவரில், வெடி வைத்துப் பிளந்த ஒரு விளிம்பில், கொம்பன் ஆந்தை ஒன்று பகலின் வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அமர்ந்திருந்தது. நீர்க்காகங்கள் இரண்டு சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. மீன்கொத்தி ஒன்று அந்தச் சிறுவன் விழுந்த நீரிலேயே பாய்ந்து எழுந்தது. எவரும் அவற்றை அழைக்கவில்லை. எவரும் அவற்றுக்காக ஒரு செடியும் நடவில்லை. மனிதன் விட்டுச் சென்ற இடத்தை உயிர்கள் தாமாகவே எடுத்துக்கொண்டிருந்தன. ஒரே குழி ஒரு பிள்ளையை விழுங்கியும் ஓர் ஆந்தைக்கு வீடு கொடுத்தும் கிடக்கின்றது. இவ்விரண்டையும் சேர்த்து நினைக்க முடியாமல் பல நாள் தவித்தேன். இந்த உரை அந்தத் தவிப்பிலிருந்தே பிறந்தது.

தோண்டிய பள்ளம் உயிர்க்கு இடமாவது நம் மரபுக்குப் புதிதன்று. நம் கண்மாய் என்பது என்ன? மண்ணை அகழ்ந்து, அகழ்ந்த மண்ணைக் கரையாகக் குவித்த பள்ளந்தானே. 'தொடு' என்ற நம் பழஞ்சொல்லுக்குத் தோண்டுதல் என்ற பொருளும் உண்டு. மணற்கேணியை வள்ளுவர் கல்விக்கு உவமை கூறிய இடத்தில் அச்சொல் அப்பொருளிலேயே நிற்கின்றது. நாங்குநேரிக்கு அருகிலுள்ள கூந்தன்குளம் மனிதர் கைபட்ட குளந்தான். அங்கே நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊர்த் தெருவின் மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்ப்பவர்கள் ஊராரே. 1994ஆம் ஆண்டில் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில் பறவைகளுக்கு அச்சம் வரக்கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. வெளியூரார் வண்டி கட்டிச் சென்று இவ்வூர்களைக் காண்கின்றனர்.

ஆயின் கண்மாய்க்கும் குவாரிக் குழிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அது சரிவு. கண்மாய் ஓரத்தில் கணுக்கால் அளவு நீர், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு என்று மெல்ல ஆழம் கூடும். அந்தக் கணுக்கால் நீரில்தான் கொக்கும் உள்ளானும் இரை தேடும். கோரையும் புல்லும் வேர் பிடிக்கும். ஆடுமாடு நீர் குடிக்கும். பிள்ளைகள் கால் நனைக்கும். குவாரிக் குழியிலோ முதல் அடியே ஆழம். நீந்தத் தெரிந்த பறவைக்கும் சுவரில் அமரும் பறவைக்கும் அங்கே இடமுண்டு. நடக்கும் பறவைக்கும் நடக்கும் பிள்ளைக்கும் இல்லை. விளிம்பைப் படிப்படியாக வெட்டிச் சரித்து, ஒரு பக்கத்தையேனும் மண்ணிட்டு மேடாக்கி, ஓர் ஓரத்தில் ஆழமற்ற நீரைத் தேக்கினால் அதே குழி வேறாகிவிடும். அதற்கு ஆகும் செலவு, அங்கிருந்து ஏற்றிச் சென்ற கல்லின் மதிப்பில் மிகச் சிறு பங்கே இருக்கும். ஆனால் இயந்திரமும் ஆளும் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். கல் தீர்ந்து வேலியையும் கழற்றிச் சென்ற பின் யாரைத் தேடுவது?

இப்படி எங்கேனும் செய்திருக்கின்றார்களா என்று தேடிப் படித்தபோது என்னை மிகவும் ஈர்த்தது கடல்கடந்த ஒரு செய்தி. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், நம்மைப்போலவே இந்துமாக்கடலை நோக்கியிருக்கும் கென்யா நாட்டின் மொம்பாசா நகருக்கு அருகே பம்புரி என்றோர் இடம். பழங்காலத்தில் கடலடியில் வளர்ந்து, பின்னர்க் கடல் வடிந்ததால் நிலமான பவளப்பாறை அங்கே தரையாக இருக்கின்றது. 1950களின் நடுவிலிருந்து சிமெண்டு ஆலைக்காக அந்தப் பவளக் கல்லை வெட்டினர். வெட்டிய இடம் மேல்மண்ணும் நிழலும் அற்ற வெள்ளைப் பாலையாகியது. பள்ளத்தில் உப்புச் சுவையுள்ள நீர் கசிந்தது. 1971ஆம் ஆண்டு ரெனே ஹாலர் என்ற சுவிட்சர்லாந்து நாட்டு வேளாண் அறிஞரிடம் அந்த இடத்தைப் பசுமையாக்கும் பணியை ஆலையார் ஒப்படைத்தனர்.

அவர் பாறைத் தரையில் குழிகள் இட்டு இருபத்தாறு வகை மரக்கன்றுகளை நட்டுப் பார்த்தார். ஆறு மாதத்தில் எஞ்சியவை மூன்றே வகை. அவற்றுள் ஒன்று எது தெரியுமா? நம் கடற்கரையெங்கும் நிற்கின்ற சவுக்கு. காற்றிலுள்ள நைட்ரசனை வேருக்குக் கொண்டுவரும் ஆற்றல் அதற்கு உண்டு, உப்பையும் பொறுக்கும். சவுக்கு வளர்ந்தது. ஆனால் உதிர்ந்த ஊசி இலைகள் மட்காமல் மெத்தைபோல் கிடந்தன, மண் உண்டாகவில்லை. அப்போது செந்நிறக் கால்களையுடைய மரவட்டைகள் அந்த இலைகளைத் தின்பதை ஹாலர் கண்டார். ஊர்ப்புறத்திலிருந்து மரவட்டைகளைத் திரட்டிக்கொண்டு வந்து விட்டார். அவை தின்று கழித்த கழிவே மண்ணாயிற்று. மண்ணில் வேறு மரங்கள் முளைத்தன. மரத்துக்குப் பறவைகள் வந்தன. நீர்நிலைகளில் மீன் வளர்த்தனர். பின்னர் ஒட்டகச்சிவிங்கியும் நீர்யானையும் கொண்டுவரப்பட்டன. 1984இல் மக்கள் நடந்து காணும் இயற்கைப் பாதையாக அது திறக்கப்பட்டது. இன்று ஹாலர் பூங்கா என்று அதற்குப் பெயர்.

தமிழாசிரியைக்கு மரவட்டையில் என்ன இவ்வளவு நாட்டம் என்று நீங்கள் நகைக்கலாம். மண்ணை உண்டாக்க இயலாத இடத்தில் அதை உண்டாக்கியவர் யார் என்று கேட்டால், பொறியாளர் பெயரையும் ஆலையின் பெயரையும் அறிக்கைகள் கூறும். அந்தப் புழுவை ஒரு கவிஞன்தான் கூற வேண்டும்.

இன்னொரு செய்தியும் நம்மைத் தொடும். 2004 திசம்பர் 26ஆம் நாள் நம் கரையைத் தாக்கிய அதே ஆழிப்பேரலை கென்யாவையும் தொட்டது. தாயை இழந்து கடலோரப் பாறையில் தவித்த நீர்யானைக் குட்டி ஒன்றை மாலிண்டி ஊர் மக்கள் மீட்டு இந்தப் பூங்காவுக்குக் கொண்டுவந்தனர். அது அங்கிருந்த நூறு வயதைக் கடந்த பெரிய ஆமையோடு தாயோடு ஒட்டுவதுபோல் ஒட்டிக்கொண்டது. படங்கள் உலகெங்கும் பரவின. அந்தக் குட்டி அடைக்கலம் புகுந்த இடம் ஒரு காலத்தில் புல்லும் முளைக்காத குவாரி என்பது, அப்படங்களைக் கண்டு நெகிழ்ந்தவர்களுள் எத்தனை பேருக்குத் தெரியும்!

இங்கிலாந்தில் இது ஏறக்குறைய வழக்கமாகிவிட்ட ஒன்று. நாட்டிங்காம் நகருக்கு அருகே சரளை அள்ளிய பள்ளங்கள் நீர் நிரம்பிப் பறவைகளின் இருப்பிடமாகி, 1966ஆம் ஆண்டு இயற்கைக் காப்பிடமாகத் திறக்கப்பட்டன. அதைவிட நாம் கருத வேண்டியது அவர்கள் செய்த பண ஏற்பாடு. 2002 ஏப்ரல் முதல் அங்கே வெட்டியெடுக்கும் கல், மணல், சரளை ஒவ்வொரு டன்னுக்கும் 1.60 பவுண்டு வரி விதித்தனர். அதில் ஒரு பகுதியைத் தனி நிதியாக்கி, குவாரிகளால் துன்புற்ற ஊர்களின் நடைபாதைக்கும் காட்டுயிர் வாழிடத்துக்கும் தொல்லியல் ஆய்வுக்கும் செலவிட்டனர். 2011இல் அந்த நிதி நிறுத்தப்பட்டது, வரி நிற்கவில்லை. அரசுகள் எங்கும் அரசுகளே என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நம் நாட்டிலும் இல்லாமலில்லை. தில்லியின் தெற்கு எல்லையில், ஆரவல்லித் தொடரில் பாட்டி என்ற ஊரில் செம்மணலைத் தோண்டி எடுத்தனர். சுவர் சரிந்து தொழிலாளர் மாண்டனர். 1990-91இல் தோண்டுதல் நிறுத்தப்பட்டு, அந்தப் பகுதி அருகிலிருந்த அசோலா சரணாலயத்தோடு சேர்க்கப்பட்டது. இன்று அங்கே பள்ளங்கள் நீல ஏரிகளாக இருக்கின்றன, மரம் நட்டிருக்கின்றனர், சிறுத்தையும் நடமாடுகின்றது, தில்லிப் பள்ளிப் பிள்ளைகள் வண்ணத்துப்பூச்சிகளைக் காணச் செல்கின்றனர். நல்லதே. ஆனால் அந்தக் குழிகளைத் தோண்டியவர்கள் யார்? ஓட் என்ற இனத்தார். தலைமுறை தலைமுறையாக மண் வெட்டுவதே தொழிலாகக் கொண்டவர்கள். நம் பக்கத்தில் கண்மாய் வெட்டிய, கல்லுடைத்த ஒட்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். சுரங்க வேலைக்காக அங்கே குடியமர்ந்த அவர்கள், அதே இடம் சரணாலயமானவுடன் ஆக்கிரமிப்பாளர்கள் எனப்பட்டு வெளியேற்ற உத்தரவுக்கு ஆளாயினர். நிலத்தைக் காயப்படுத்திய வேலைக்குக் கூலி பெற்றவர்கள் அவர்கள். வருமானம் பெற்றவர்கள் வேறு யாரோ. காயம் ஆறிய பின் வெளியேறச் சொன்னது கூலி பெற்றவர்களை. குவாரிப் பூங்கா என்று நாம் பேசத் தொடங்கும்போதே, உளி பிடித்த அந்தப் பெரியவர் அதன் வாயிலில் நுழைவுச் சீட்டு வாங்கி நிற்பாரா, வழிகாட்டியாக உள்ளே நிற்பாரா என்பதையும் கேட்டுவிட வேண்டும். கல்லைத் தட்டி அதன் ஓசையிலேயே விரிசல் எங்கே ஓடுகின்றது என்று சொல்லத் தெரிந்தவரைவிடச் சிறந்த வழிகாட்டி யார்?

இவ்வளவும் சொன்ன பிறகு, ஓர் அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். 'வெட்டிவிட்டுப் பிறகு பூங்கா அமைத்துத் தருகின்றோம்' என்பது இன்று மலையை வெட்டப் புறப்படுவோர் எளிதில் சொல்லக்கூடிய சொல்லாகிவிட்டது. பம்புரியைக் காட்டி எந்த மலையையும் வெட்டலாம் என்று நான் சொன்னதாக எவரும் கொள்ளலாகாது. திருப்பித் தரக்கூடியவை உண்டு. திருப்பித் தர இயலாதவையும் உண்டு.

அதற்குச் சான்று தேடி மொம்பாசா செல்ல வேண்டியதில்லை. நம் தூத்துக்குடிக் கடலே போதும். பம்புரியில் வெட்டியது செத்த பவளம். நாம் வெட்டியதோ உயிருள்ள பவளம். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைப் பல்லாண்டுகளாகப் பெயர்த்தெடுத்துச் சுண்ணாம்புக் காளவாய்களுக்கும் கட்டடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அனுப்பினோம். தீவுகளின் பெயர்களைக் கேளுங்கள்: காரைச்சல்லி, விலங்குச்சல்லி. பெயரிலேயே சல்லி இருக்கின்றது. 1986இல் இருபத்தொரு தீவுகளைக் கொண்டு தேசியக் கடற்பூங்கா அமைக்கப்பட்டது. இன்று நீருக்கு மேலே இருப்பவை பத்தொன்பது. விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் மூழ்கிவிட்டன. அலையைத் தடுத்துக்கொண்டிருந்த பவளச் சுவரைப் பெயர்த்ததே அதற்கு முதற்காரணம் என்கின்றனர் அறிஞர்கள். 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்ட பின்னரே வெட்டுவது படிப்படியாக ஓய்ந்தது. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காக்க 2015 முதல் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி வருகின்றனர். ஒரு காலத்தில் இலவசமாகக் கிடந்ததைச் சல்லிக் காசுக்கு விற்றுவிட்டு, அதன் போலியைக் கோடிக் கணக்கில் செலவிட்டு இறக்குகின்றோம். முத்துக் குளித்த பார்களின் பெயர்களைப் பாட்டில் கட்டிவைத்த கரை இது. கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நிகழ்ந்தது. மூழ்கிய தீவுக்குப் பாட்டெழுத நம் வட்டத்தில் எவரேனும் முன்வந்தோமா என்று என்னையே கேட்டுக்கொள்கின்றேன்.

மதுரைக்கு அருகே மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியும் அப்படித் திருப்பித் தர இயலாத ஒன்றே. ஏழு குன்றுகள், பாறையிடுக்குச் சுனைகள், தமிழிக் கல்வெட்டு, சமணர் படுக்கை, பாண்டியர் காலக் குடைவரை. வல்லூறுகளும் இராசாளியும் உள்ளிட்ட இருநூற்றைம்பது வகைப் பறவைகள் அங்கே காணப்பட்டுள்ளன. சுற்றியிருந்த குன்றுகள் பளிங்குபோல் அறுக்கப்பட்டு ஏற்றுமதியானபோது ஊரார் தங்கள் குன்றுக்குக் காவல் நின்றனர். 2022 நவம்பரில் ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பு தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அப்பகுதியை உள்ளடக்கிய இரண்டாயிரம் ஹெக்டேருக்கு டங்ஸ்டன் சுரங்க ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்தது. ஊர் திரண்டது, சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது, 2025 சனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. அங்கே நடந்து காண வருவோர்க்குச் சுனை நீரும் வழித்துணையும் தருபவர்கள் அவ்வூர் மக்களே. மலையை வெட்டாமலே அது நடைபாதையாக இருக்கின்றது.

ஆகவே என் கருத்து இதுதான். உயிரும் எழுத்தும் நீரும் ஏற்கெனவே குடியிருக்கும் மலையைத் தொடலாகாது. கல்லன்றி வேறொன்றும் இல்லாத இடத்தில் வெட்டத்தான் வேண்டுமென்றால் வெட்டட்டும். நம் வீடுகளுக்கும் இந்த மண்டபத்துக்கும் கல் வேண்டியிருக்கின்றது. அதை மறைத்துப் பேசுவது போலித்தனம். ஆனால் முதல் வெடி வைக்கும் முன்பே கடைசி நாளின் வரைபடம் ஊராரிடம் இருக்க வேண்டும்: மேல்மண்ணை எங்கே குவிப்பது, எந்தச் சுவரை ஆந்தைக்கு விடுவது, எந்தப் பக்கத்தைச் சரிப்பது, வேலி யாருடையது என்பது வரை.

இது கவிஞர் கனவன்று, சட்டத்திலும் இடமுண்டு. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிக்கும் சுற்றுச்சூழல் இசைவு வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2012இலேயே கூறியது. வெட்டி முடித்த நிலத்தில் கால்நடைக்கும் காட்டுயிர்க்கும் தீவனமாகும் வகையில் புல் வளர்க்க வேண்டுமென்பதைச் சுரங்கக் குத்தகைகளின் நிபந்தனையாக்குமாறு 2020 சனவரி 8ஆம் நாள் அந்நீதிமன்றமே ஆணையிட்டது. புல் என்றவுடன் எனக்கு வல்லநாட்டு வெளிமான்கள் நினைவுக்கு வந்தன. நம் மாவட்டத்தின் சரணாலயம் அது. குளிர்காலத்தில் தென்மாவட்டத் தரிசுகளுக்கு வரும் பூனைப் பருந்துகளும் புல்லில்தான் இரவைக் கழிக்கின்றன. நாம் சீமைக் கருவேலத்துக்கு விட்டுவிட்ட நிலங்களில் புல் எத்தனை உயிரைத் தாங்கும்! 2015ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் கனிம அறக்கட்டளை அமைந்து, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் குடிநீர், நலவாழ்வு, கல்வி, சுற்றுச்சூழல் ஆகியவற்றுக்குச் செலவிடவும் வழி இருக்கின்றது. குழிக்கு வேலியும் ஒரு பக்கச் சரிவும் அதில் அடங்காவா? கேட்டால்தான் தெரியும். கேட்பதற்கு ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். மனு எழுதும் தமிழும் தமிழ்தான்.

என் மாணவியின் ஊரில் கடந்த மே முதல் நாள் கிராம சபைக்கு அவளே ஒரு மனு எழுதினாள். நான் இரண்டு இடத்தில் ஒற்று மிகுத்துக் கொடுத்தேன். அவ்வளவே என் பங்கு. வேலி, ஒரு பக்கம் மண்ணிட்டுச் சரிவு, ஆந்தை அமரும் கிழக்குச் சுவரைத் தொடாமை என்று மூன்று வேண்டுகோள்கள். மூன்றாவதை அவளாகவே சேர்த்திருந்தாள். தம்பியைக் கொண்டுபோன குழியில் ஆந்தைக்கு இடம் கேட்ட அந்தப் பெண்ணின் முன்னால் என் முனைவர் பட்டம் சிறுத்துப் போயிற்று. தீர்மானம் ஏட்டில் ஏறியிருக்கின்றது. வேலி இன்னும் வரவில்லை.

செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஒரே இராகத்தை மணிக்கணக்காகப் பாடிய நல்லப்ப சுவாமிகளின் ஊரில் பேச வந்தவள் என்ற துணிவில் நேரத்தை மிகுதியாக எடுத்துக்கொண்டேன்; இன்னும் ஒரு மணித்துளி. பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தை இந்த மண்டபத்தில் வைக்க வேண்டாம். கழுகுமலையில் வைப்போம். வைப்பாற்றுப் பாலத்தருகே விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டி புறப்படட்டும். வெயில் ஏறுமுன் மேலே சென்றுவிடலாம். குரத்தியரின் பெயர்களை நான் படித்துச் சொல்கின்றேன். கல்லைத் தட்டிக் காட்ட அந்தப் பெரியவரையும் அழைத்து வருவதாக என் மாணவி ஒப்புக்கொண்டிருக்கின்றாள். ஆளுக்கு ஒரு போத்தல் நீர் எடுத்துவருமாறு கேட்டுக்கொள்கின்றேன். மேலே கடை கிடையாது.